யோசெமிட்டி: நூறு வருடப் பறவைக் கணக்கு!

கலிஃபோர்னியாவில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போகும் நம் ஊர் அப்பா அம்மாக்கள் பலரும் தவறாமல் பார்த்துவிட்டு வரும் இடம், யோசெமிட்டி தேசியப் பூங்கா. சான் ஹோசேயிலிருந்து காரில் சுமார் நான்கு மணி நேரம். புளியோதரை, தயிர் சாதம் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினால், எல் கேபிடன் பாறை, அருவி, செல்ஃபி என்று ஒரே நாளில் சுற்றிவிட்டு வரலாம்.

இந்த மலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பூமி சூடாகும்போது பறவைகள் எங்கே இடம் மாறுகின்றன என்பதை நூறு வருடக் கணக்கோடு சொல்லக்கூடிய இடங்கள் உலகில் மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று.

போகும்போதே ஜன்னல் வழியே கவனியுங்கள். சமவெளியில் பாதாம் தோட்டங்கள். அடுத்து, காய்ந்த புல் மேடுகள். சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பைன் மரங்கள். அங்கே கறுப்புக் கொண்டையும் நீல உடலுமாக 'ஸ்டெல்லர்ஸ் ஜே' பறவை உங்கள் சாப்பாட்டு மூட்டையை நோட்டம் விடும். டயோகா சாலை வழியே இன்னும் ஏறினால் (பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள்) 2,600 மீட்டரில் டுவாலமி புல்வெளி. அங்கிருந்து மேலே போகப்போக 'கிளார்க்ஸ் நட்கிராக்கர்' பறவை, பைன் விதைகளைக் குளிர்காலத்துக்காக மண்ணில் புதைத்துக்கொண்டிருக்கும். மரங்களே இல்லாத உச்சியில், பனித்திட்டுகளின் ஓரம் 'ரோஸி ஃபின்ச்' என்ற சிறு பறவை இரை தேடும். அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம்!

யார் எந்தத் தளத்தில் குடியிருந்தார்கள் என்று முதலில் முறையாக எழுதிவைத்தவர் ஜோசப் கிரின்னெல். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு விலங்குகள் அருங்காட்சியகத்துக்கு முதல் இயக்குநர். 1914 முதல் 1920 வரை இவரும் குழுவினரும், சமவெளியை ஒட்டிய ஸ்னெல்லிங் என்ற சிற்றூரில் தொடங்கி, மலையைத் தாண்டி மோனோ ஏரி வரை கணக்கெடுத்தார்கள். தேதி, இடம், பார்த்த பறவை, எண்ணிக்கை என எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினார்கள். இந்தச் சேகரிப்பின் முழு மதிப்பு தெரியப் பல வருடங்கள், ஒருவேளை ஒரு நூற்றாண்டுகூட ஆகலாம் என்று 1910-லேயே எழுதினார் கிரின்னெல்.

அவர் சொன்னபடியே, 2003-ல் அதே அருங்காட்சியகத்தினர் அந்தக் குறிப்பேடுகளோடு மறுபடி மலையேறினார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பறவை கண்ணில் படவில்லை என்றால், அது அங்கே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அன்று அது கூவாமல் இலைக்குள் உட்கார்ந்திருக்கலாமே! அதனால் ஒரே இடத்துக்கு அடுத்தடுத்த நாட்களில் போனார்கள். ஒரு நாள் போனால் கண்ணில் படும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வையுங்கள். மூன்று நாளும் தவறவிடும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். இப்படி வாய்ப்புக் கணக்குப் போட்டுத்தான் 'இல்லை' என்ற முடிவுக்கு வந்தார்கள். பழைய குறிப்பேடுகளிலும் நாள்வாரியாகப் பட்டியல் இருந்ததால், அவற்றுக்கும் இதே கணக்கைப் போட முடிந்தது.

முடிவு என்ன? 2009-ல் வெளியான ஆய்வு 82 இடங்களில் 53 இனங்களைப் பார்த்தது. அவற்றில் 48 இனங்கள், தங்களுக்கு ஒத்துப்போகும் வெப்பத்தையோ மழையையோ தேடி நகர்ந்திருந்தன. 2012-ல் 99 இனங்களை ஆராய்ந்தபோது 84 சதவிகிதம் இடம் மாறியிருந்தன. ஆனால், எல்லைகள் மேலே நகர்ந்தது ஏறக்குறைய பாதி மட்டும்தான்! வெப்பம் பறவைகளை மேலே தள்ளுகிறது. மழை அதிகரித்த இடங்கள் கீழே இழுக்கின்றன. 'சூடானால் எல்லாம் மலையேறிவிடும்' என்ற எளிய கதை இங்கே பாதிதான் உண்மை.

மேலே ஏற முடிந்தவர்களுக்குச் சரி. உச்சியிலேயே குடியிருக்கும் ரோஸி ஃபின்ச்சுக்கு அதற்கு மேல் மாடி கிடையாது. ஒதுங்க இடமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, அதே மாநிலத்தின் மொஹாவே பாலைவனம் காட்டிவிட்டது. அங்கேயும் கிரின்னெல் குழுவின் குறிப்புகளோடு 61 இடங்களை மறுபடி பார்த்தார்கள். சராசரியாக ஒவ்வோர் இடமும் 43 சதவிகிதப் பறவை இனங்களை இழந்திருந்தது. வெயில் ஏற ஏற, உடம்பைக் குளிரவைக்க அதிகத் தண்ணீர் வேண்டும். பாலைவனத்தில் தண்ணீருக்கு எங்கே போகும்?

அடுத்த முறை யோசெமிட்டி போனால், டுவாலமியில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பார்த்த பறவைகளை 'இ-பேர்டு' என்ற இலவசச் செயலியில் பதியுங்கள். நம் ஊரில் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் இதே செயலிதான். காகம், மைனாதானே என்று விட்டுவிடாதீர்கள். அன்று எங்கும் சாதாரணமாகத் தெரிந்த பறவைகளையும் கிரின்னெல் குழு எண்ணி எழுதியதால்தான், இன்று எது குறைந்தது என்று நமக்குத் தெரிகிறது.