கண்ணை மறைக்கும் கண்ணாடியும் எமது மகனின் வேலையும்

கணனி விளையாட்டு என்றால் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் சங்கதி என்பதே எம்மவர் பலரது எண்ணம். நாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பின்னும் அந்த ஆசை எம்மை விட்டபாடில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனெனில், அந்த ஆசையால் எமது வீட்டில் நேர்ந்ததைத்தான் இங்கே எழுதப் போகிறோம்.

1992ஆம் ஆண்டு. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத காலம். லண்டனில் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை. ஒரு சனிக்கிழமை நண்பர் ஒருவர் எம்மை விளையாட்டுக் கூடமொன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்கே லெஸ்ரர் நகரில் உருவாகி 1991இல் வெளிவந்த 'வேர்ச்சுவாலிற்றி' இயந்திரம் இருந்தது. பாரமான கவசத்தைத் தலையில் மாட்டி, ஒரு வளையத்துக்குள் நிற்க வைத்தார்கள். நாம் தலையைத் திருப்பினால், உள்ளே தெரிந்த உலகம் சற்றுப் பிந்தித்தான் திரும்பியது. அப்படியிருந்தும் வெளியே வந்ததும், "இன்னும் ஐந்து வருடத்தில் இது வீட்டுக்கு வீடு இருக்கும், பாருங்கோ" என்று நண்பரிடம் அடித்துச் சொன்னோம்.

எமது சோதிடம் பலிக்கவில்லை. 1995இல் நின்ரென்டோ 'வேர்ச்சுவல் போய்' என்ற கருவியை ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் வெளியிட்டது. சிவப்பு நிறத்தில் மட்டுமே படம் காட்டிய அந்தக் கருவி ஐரோப்பாவுக்கு வரவேயில்லை. அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள். பின்னர் 2012இல் ஒக்குலஸ் என்ற சிறிய நிறுவனம் பொதுமக்களிடம் 24 இலட்சம் டொலர் திரட்டியது. 2014இல் அதனை 200 கோடி டொலருக்கு வாங்குவதாக பேஸ்புக் அறிவித்தபோது, எமது பழைய ஆசை மறுபடி துளிர்த்தது.

2020 மார்கழியில், கொரோனா முடக்கத்துள் 299 பவுண் கொடுத்து 'குவெஸ்ற் 2' ஹெட்செற்றை வாங்கினோம். இசைக்கேற்ப வாளால் கட்டைகளை வெட்டும் 'பீற் சேபர்' விளையாட்டில் நாமும் மகனும் வியர்க்க வியர்க்க ஆடினோம். செக் நாட்டில் ஒரு சிறு குழு 2018இல் வெளியிட்ட விளையாட்டு அது. நல்ல விளையாட்டுக்குப் பெரும்படை தேவையில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஒருநாள் எமது அம்மாவுக்கும் அந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டோம். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு கையை நீட்டித் தடவியபடி, "பிள்ளையள், நீங்களெல்லாம் எங்கை போட்டியள்?" என்று கேட்டார். உடனே கழற்றச் சொன்னார். அன்று எல்லோரும் சிரித்தோம். பின்னர் யோசித்தபோது, இந்தத் தொழில் ஏன் தள்ளாடுகிறது என்பதற்கு அந்தக் கேள்வியே பாதி விடை என்று பட்டது. முன்பு ஒரே அறையில் ஆறு பேர் இருந்த காலத்தில், ஒருவர் விளையாட ஐந்து பேர் பின்னால் நின்று கத்துவோம். அதுதான் விளையாட்டு. இந்தக் கண்ணாடியை மாட்டியவரோ வீட்டை விட்டே போய்விடுகிறார். உள்ளே தெரிவதைத் தொலைக்காட்சியில் காட்டலாம்தான். ஆனாலும் மாட்டியிருப்பவருக்கு நாம் தெரிவதில்லை.

மற்றைய பாதி உடம்பும் பணமும். நீ நடக்கிறாய் என்று கண் சொல்கிறது. நீ அசையவில்லை என்று காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. இந்த முரண்பாட்டால் பலருக்குத் தலைசுற்றும், குமட்டும். பணமோ அதைவிட மோசம். வாங்குவோர் குறைவு. ஆகவே பெரிய விளையாட்டுகள் குறைவு. விளையாட்டுகள் குறைவென்பதால் வாங்குவோரும் கூடுவதில்லை. இந்தச் சுற்றை உடைக்கக் கருவி விற்பவர்களே ஸ்ரூடியோக்களுக்குப் பணம் கொடுத்து விளையாட்டுகளைச் செய்விக்கிறார்கள். பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றாவின் இந்தப் பிரிவு 2024இல் மட்டும் 1,770 கோடி டொலருக்கு மேல் நட்டம் காட்டியது. அதே ஆண்டு மாசியில் சோனி உலகெங்கும் ஏறக்குறைய 900 பேரை நிறுத்தப் போவதாக அறிவித்தபோது, வி.ஆர். விளையாட்டுகள் செய்த அதன் லண்டன் ஸ்ரூடியோவையும் மூடுவதாகச் சொன்னது. கொடுக்கும் கை மடங்கினால் முதலில் பட்டினி கிடப்பது தொழிலாளிதான்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்து அறிந்தவரல்லர் நாம். எமது மகன் கணக்கியல் படிக்கட்டும் என்று துணைவியார் சொன்னபோது, விளையாட்டுச் செய்யும் படிப்புக்கு அவனை அனுப்பியவர் நாமே. 2021இல் சிறிய வி.ஆர். ஸ்ரூடியோ ஒன்றில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். 2024இல் ஒரு காலைக் கூட்டத்தோடு அவனுக்கும் உடனிருந்தவர்களுக்கும் வேலை போனது. இப்போது பல்பொருள் அங்காடியில் இரவில் தட்டுகளில் பொருள் அடுக்குகிறான்.

துணைவியார் எம்மோடு சண்டை பிடிக்கவில்லை. ஒருநாள் அவன் வேலைக்குப் புறப்பட்ட பின் கதவைப் பூட்டிக்கொண்டே, "அவன் இரவிலை வேலை செய்யக் கூடாதெண்டுதானே நாங்கள் இரவிலை வேலை செய்தனாங்கள்" என்றார். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

மகனிடம் மன்னிப்புக் கேட்பது போல் ஏதோ சொல்லப் போனோம். அவன் இடைமறித்தான். "அப்பா, நீங்கள் பிழையான தொழிலைக் காட்டேல்லை. நான்தான் ஒரே கருவியை நம்பி எல்லாத்தையும் படிச்சன்" என்றான். பகலில் இரு நண்பர்களோடு சேர்ந்து சாதாரண கணனியில் ஆடும் விளையாட்டொன்றைச் செய்துகொண்டிருக்கிறான். நால்வர் ஒன்றாக இருந்து ஆடலாம்.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான். பிள்ளை இந்தத் துறையை விரும்பினால் தடுக்காதீர்கள். கணிதம், நிரல் எழுதுதல், வரைதல் என்று எந்தக் கருவி போனாலும் போகாத கல்வியைப் பெறச் சொல்லுங்கள். கண்ணாடி வாங்குவதானால் முதலில் யார் வீட்டிலாவது அரை மணி நேரம் மாட்டிப் பாருங்கள். 13 என்றிருந்த வயதெல்லையை மெற்றா 2023இல் 10 ஆகக் குறைத்தது. அதை வைத்து எட்டு வயதுப் பிள்ளைக்கு மாட்டிவிடாதீர்கள்.

இந்தத் துறையில் வேலை செய்யும் எம்மவர் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டால், ஒரு கதவு மூடும்போது இன்னொரு கதவைக் காட்ட ஆளிருக்கும். நாம் வந்திறங்கிய காலத்தில் எமக்கு வேலை தேடித் தந்தவர்களும் இப்படி அறிமுகமானவர்கள்தாமே.