சாதுச் சிலந்தி

"சிலந்தியை யாராவது வளர்ப்பார்களா?" என்று நேயர்கள் முகம் சுளிக்கக்கூடும். லண்டனில் வசித்த காலத்தில் நாம் வளர்த்தோம். உள்ளங்கையகல டாரன்டூலா, சிலி தேசத்தது. "புதியவர்களுக்கு ஏற்ற பரம சாது" என்றார் கடைக்காரர். வாஸ்தவந்தான். ஆயினும் சீண்டினால் வயிற்று ரோமத்தைப் பின்னங்கால்களால் உதிர்த்துவிடும். பட்ட இடமெல்லாம் அரிக்கும். கையிலிருந்து விழுந்தாலோ அதன் வயிறு வெடிக்கவும் கூடும். ஆகையால் நாம் அதைத் தொட்டதே இல்லை. கண்ணாடிப் பெட்டி, உலர்ந்த மண், ஒளிந்துகொள்ள மரப்பட்டை, கிண்ணத்தில் ஜலம், வாரத்துக்கு ஒரு சுவர்க்கோழி - இவ்வளவே அதன் குடித்தனம்.

ஒரு சமயம் 2 மாதம் அது ஆகாரமே கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் காலை மல்லாந்து கிடந்தது. "போயிற்று!" என்று வருந்தி, அப்புறப்படுத்தக் குச்சியை நீட்டினோம். ஒரு கால் லேசாக அசைந்தது! திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டோம். சாயங்காலம் பார்த்தால், உரித்த சட்டை ஒருபுறம், புதுமெருகுடன் சிலந்தி ஒருபுறம்! சட்டையுரிக்க அது மல்லாந்து படுப்பது வழக்கம் என்று அப்புறந்தான் அறிந்தோம். குச்சி பட்டிருந்தால் இளந்தோல் கிழிந்து மாண்டிருக்கும்.

பெண் சிலந்தி 20 வருஷங்கூட ஜீவிக்கும். அத்தனை காலமும் நாம் அதற்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம், கையைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பதே.