வேஷம் கட்டிப் பார்த்த பாட்டுப் போட்டி

கொழும்பிலிருந்து புறப்படும் மலைநாட்டு ரயில் பாதையின் கடைசி நிலையம் பதுளை. 1924ஆம் ஆண்டு இங்கு வந்து சேர்ந்த தண்டவாளம் அதற்கு அப்பால் போகவில்லை. ஊவா மாகாணத்தின் தலைநகரைப் பார்க்க வருபவர்கள் முத்தியங்கனை விகாரைக்குப் போவார்கள். துன்ஹிந்த நீர்வீழ்ச்சியில் நிற்பார்கள். தெமோதரையில் ரயில் பாதை வட்டமடித்து, நிலையத்துக்கு அடியிலேயே நுழைந்து செல்லும் விந்தையைப் படம் பிடிப்பார்கள். பிறகு ஊர் திரும்பிவிடுவார்கள்.

எமது நிலையத்தின் வேலை நகரத்துக்கு வெளியே, பசறை வீதியில் தொடங்குகிறது. எதிரே 2,036 மீற்றர் உயரத்தில் நமுனுகுல மலை. ஒன்பது சிகரங்கள் என்பது அந்தச் சிங்களப் பெயரின் பொருள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இப்பக்கம் வீசும் வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சும் வாசனையைத் தருகிறது. டிசம்பரில் நிலைமை வேறு. வடகீழ்ப் பருவ மழை விடாமல் பெய்யும். தோட்டத்துப் பாதை சேறாகிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கி முச்சக்கரவண்டியில் ஏறி, அதுவும் ஏற மறுக்கும் இடத்திலிருந்து நடக்க வேண்டும். பீலித் தண்ணீரின் சத்தம் கேட்டால் லயம் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அப்படி ஒரு தோட்டத்துக்குப் போனோம். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தோட்டமே ஒன்றுகூடி, வேஷம் கட்டிப் பார்க்கும் விழாவை நடத்துவதற்காக.

பாடிய பிள்ளைகள்

அந்த ஆண்டு தமிழகத்தின் ஜீ தமிழ் தொலைக்காட்சியில் நடந்த 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மூன்றாவது பருவம் இலங்கைத் தமிழ் வீடுகளில் எவ்வளவு பேசப்பட்டது என்பது சகோதரிகளுக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷாவும், புசல்லாவை நயாப்பன தோட்டத்தைச் சேர்ந்த அசானியும் அந்த மேடையில் பாடினார்கள். நம் மக்கள் தோட்டங்களுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவதாக நினைவுகூரப்பட்ட ஆண்டும் அதுவே. 1823இல் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் தொடங்கிய கோப்பித் தோட்டத்திலிருந்து அந்தக் கணக்கு எண்ணப்படுகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியில் மக்கள் நடந்தார்கள். இதே ஆண்டில் ஒரு தோட்டத்துப் பிள்ளை சென்னை மேடையில் நின்று பாடியபோது, லயத்துக் காம்பராக்களில் அழாதவர்கள் குறைவு.

இறுதிச் சுற்றுக்கு வந்த ஆறு பேரில் அசானி இருக்கவில்லை. "இனி என்னத்தப் பாக்க?" என்று தோட்டத்தில் சிலர் சலித்துக்கொண்டார்கள். "யாழ்ப்பாணத்துப் புள்ள இருக்குல்ல? அதுவும் நம்ம கடல் தாண்டிப் போன புள்ளதான்" என்றார் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. அந்தப் பேச்சில்தான் எங்கள் விழாவுக்கு முதல் சம்மதம் கிடைத்தது.

ஐரோப்பாவில் ஒரு வழக்கம்

வேஷம் எதற்கு என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் 'யூரோவிஷன்' என்றொரு பாட்டுப் போட்டி உண்டு. 1956ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளுடன் தொடங்கியது. 1974இல் சுவீடனின் அபா குழு வென்றதும் இதில்தான். இறுதி நாளில் அங்குள்ளவர்கள் ஒரு வீட்டில் கூடி, ஆளுக்கொரு நாட்டின் உடையிலோ பாடகர் வேஷத்திலோ வந்து, பலகாரம் சாப்பிட்டபடி பார்ப்பார்கள். கையில் புள்ளி அட்டை வைத்திருப்பார்கள். ஆகக் கூடிய புள்ளி 12. எனக்குப் பிடித்தது அப்போட்டியின் வேறொரு விதி: எந்த நாடும் தன் நாட்டுப் பாடலுக்குத் தானே வாக்களிக்க முடியாது. அடுத்தவர் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்று இரண்டாகப் பிரிந்து, கோயில் திருவிழாவையே இரண்டு தரம் நடத்தும் தோட்டத்துக்கு இந்த விதி நல்ல மருந்தாகப் பட்டது. எனவே வேஷப் போட்டிக்கு அதையே வைத்தோம். எந்த லயமும் தன் பிள்ளைக்குப் புள்ளி போடக் கூடாது.

வேஷம் நமக்குப் புதிதும் அல்ல. மாசி மாதக் காமன் கூத்தில் ரதியும் மதனும் தப்புச் சத்தத்துக்கு ஆடுவதைப் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். காமன் கூத்தில் ரதியாக வேஷம் கட்டுபவர் ஓர் ஆண். பொன்னர் சங்கரிலும் அருச்சுனன் தபசிலும் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினார்கள். பெண்கள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஓரத்தில் இருந்து பார்த்தார்கள். தொலைக்காட்சி வந்த பிறகும் இது மாறவில்லை. ஆண்களும் பிள்ளைகளும் முன்னால் இருப்பார்கள். அம்மா அடுப்படியிலிருந்து பாட்டைக் கேட்பாள். கைதட்டல் பலமாக வந்தால் மட்டும் கரண்டியுடன் வாசலில் வந்து நிற்பாள்.

அதனால் இரண்டு நிபந்தனைகள் போட்டோம். அன்று மாலை சமையல் இளைஞர் கழகத்துப் பையன்களுடையது. முன் வரிசைப் பாய்கள் தாய்மாருடையவை. குடித்துவிட்டு வருபவர்களுக்கு இடமில்லை என்பதைப் பெண்களே மூன்றாவதாகச் சேர்த்தார்கள்.

பணம் சேர்க்கவில்லை. அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய். தீபாவளி முற்பணம் வேறு மாதாமாதம் கழிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு ஒரு சுண்டு மா, அரைத் தேங்காய், ஒரு பிடி கடலை என்று பொருளாகவே வந்தது. கொழும்பில் வேலை செய்யும் ஒரு பையன் தன் வீட்டுத் தொலைக்காட்சியைத் தூக்கிவந்து பிள்ளைக் காம்பராவில் வைத்தான்.

"நாங்க கழட்ட முடியாது"

பிள்ளைகளின் வேஷங்களைத் தீர்மானிக்க இரண்டு வாரம் முன்னர் கூடினோம். பாரதியார், தபால்காரர், ரயில் கார்ட், பாட்டுப் போட்டி நடுவர் என்று பட்டியல் வளர்ந்தது. ரதி வேஷத்துக்கு முதன்முறையாக ஒரு பெண் பிள்ளை கை தூக்கினாள்.

"கொழுந்து பறிக்கிற பொம்பள வேஷம் யாரு?" என்று ஒருவர் கேட்டார். ஒன்பதாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியை எல்லோரும் காட்டினார்கள். கூடையும் படங்கும் அவள் வீட்டிலேயே இருக்கின்றனவே. அவள் மாட்டேன் என்றாள்.

அவளுடைய அம்மாவின் முகம் வாடியது. "எல்ல, அப்புத்தளைப் பக்கம் வெள்ளைக்காரப் பொண்ணுங்க நம்ம கூடைய மாட்டிக்கிட்டுப் போட்டோ புடிக்கிறாங்க. அவங்களுக்கு இல்லாத வெக்கம் ஒனக்கு என்ன?" என்று கேட்டார்.

"அவங்க போட்டோ புடிச்சிட்டுக் கழட்டி வச்சிட்டுப் போயிருவாங்கம்மா. நாங்க கழட்ட முடியாது" என்றாள் மகள்.

பிள்ளைக் காம்பரா அமைதியாகிவிட்டது. தாயின் தொழிலை மகள் கேவலமாக நினைக்கிறாள் என்று முதலில் தோன்றும். அவள் சொன்னது அதுவல்ல. வேஷம் என்றால் கட்டவும் அவிழ்க்கவும் முடிய வேண்டும். விடிய 5 மணிக்கு எழுந்து, சமைத்து, பெரட்டுக்கு ஓடி, அட்டைக் கடியோடு நாள் முழுக்கச் சுமப்பது வேஷமாகாது. தாய் சுமந்ததையே மகளும் சுமக்கத்தான் வேண்டும் என்ற எண்ணம் இருக்கும்வரை அவளுக்குக் கூடை விளையாட்டுப் பொருளல்ல. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவே, "சரிதான். அது வேசமில்ல, எங்க உடுப்பு. புள்ள வேற எதையாவது கட்டட்டும்" என்று முடித்துவைத்தார்.

மழைக்குள் ஒரு மாலை

அந்த ஞாயிறு காலையில் கைக்காசுக் கொழுந்துக்குப் போனவர்கள்கூட மாலையில் குளித்து, பூ வைத்து, பெட்டிச் சேலையில் வந்தார்கள். இந்தியாவுக்கும் நமக்கும் நேர வித்தியாசம் இல்லாதது வசதியாயிற்று. பையன்கள் ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் இடித்து, சாயம் ஊற்றிக் கொடுத்தார்கள். ரொட்டி சில கருகியிருந்தன. "இன்னைக்கு மட்டும் குத்தம் சொல்லக் கூடாது" என்று ஒருவரை ஒருவர் அடக்கிக்கொண்டார்கள்.

கூடை வேஷத்தை மறுத்த பிள்ளை, கறுப்புத் துணியைக் கோட்டாகத் தைத்துச் சட்டத்தரணியாக வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கங்காணி வந்தார்: கோட்டு, தலைப்பாகை, கையில் பிரம்பு, மையால் வரைந்த மீசை. பேச்சைக் கேட்டபின்தான் அது அவளுடைய அம்மா என்று தெரிந்தது. ஒரு தலையணையைத் தராசில் போடுவதுபோலத் தூக்கிப் பிடித்து, "பதினெட்டுக் கிலோ. தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு, முத்தல் இலைக்கு ஒண்ணு. ஒனக்குப் பதினாலு. போ, போ!" என்றார். பெண்கள் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அத்தனை பேரும் தம் கொழுந்தில் கழிபட்ட கிலோக்களை நினைத்துத்தான் சிரித்தார்கள். கூட்டம் போட்டுப் பேசச் சொன்னால் வாய் திறக்காதவர்கள் அவர்கள்.

நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே மழை வலுத்தது. டிஷ் அன்டெனாவுக்கு அலை கிடைக்காமல் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. பையன்கள் குடையோடு கூரைக்கு ஏறினார்கள். காத்திருந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பாட்டி தாலாட்டு ஒன்றை எடுத்தார். அது முடிவதற்குள் இன்னொருவர் கும்மிக்குத் தாளம் போட்டார். பிள்ளைகள் புள்ளி அட்டைகளைத் தூக்கினார்கள். பாட்டிக்கு எல்லா லயமும் 12 கொடுத்தன.

நம்மிடம் பாட்டு இல்லாமல் இருந்ததே இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களில் பெண்களின் தாலாட்டும் ஒப்பாரியும் நிறைய உண்டு. 1930, 40களில் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை, தொழிலாளர் கூட்டங்களில் தாமே எழுதிய பாடல்களைப் பாடி மக்களைத் திரட்டினார். பாட்டு இருந்தது, பாடுகிறவளை முன் வரிசையில் உட்காரவைத்துக் கேட்கும் வழக்கம்தான் குறைவாக இருந்தது.

படம் திரும்பி வந்தது. கடைசியில் கில்மிஷாவின் பெயர் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்தை ஒருநாளும் கண்டிராத பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இலங்கையிலிருந்து போன ஒரு பிள்ளை அந்தப் போட்டியை வென்றது அதுவே முதல் தடவை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

இப்படி ஒரு மாலையை உங்கள் தோட்டத்திலும் நடத்தலாம். எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். சமையலை யார் செய்வது என்பதை முதலில் தீர்மானியுங்கள். அதை விட்டால் பெண்கள் மறுபடியும் அடுப்படியில்தான் இருப்பார்கள். வேஷத்தைப் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும். தாய்மாருக்கும் வேஷம் கொடுங்கள். மனதில் உள்ளது மீசைக்குப் பின்னாலிருந்து தைரியமாக வெளியே வரும். மழைக்கு அலை நின்றால் பதறாதீர்கள்.

அந்த மாலைக்குப் பிறகு கொழுந்து நிறுக்கும் இடத்தில் இரண்டு பெண்கள் கொப்பியும் பென்சிலுமாக நின்று, தங்கள் கிலோக்களைத் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். ஒருவர், மீசை வைத்த அந்த அம்மா.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை பதுளை மாவட்டத்தை மண்சரிவுகளால் உலுக்கியபோது, சரிவுக்கு அஞ்சி வந்த குடும்பங்கள் அதே பிள்ளைக் காம்பராவில்தான் தங்கின. யார் சமைப்பது, யார் மா அளப்பது, யார் பிள்ளைகளைப் பார்ப்பது என்று எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பையன்கள் சுட்ட ரொட்டி இம்முறை கருகவில்லை என்று பிறகு சொன்னார்கள். இரவில் பயந்த பிள்ளைகளைத் தூங்கவைக்க அந்தப் பாட்டி தாலாட்டுப் பாடினாராம்.