நாவற்பழ நிறத்தில் ஒரு வைன்

கருங்கடலுக்கும் கோக்கசஸ் மலைத்தொடருக்கும் இடையே உள்ள சிறிய நாடு ஜோர்ஜியா. பரப்பில் இலங்கையைவிடச் சற்றுப் பெரியது. சனத்தொகையோ நாற்பது இலட்சத்துக்கும் குறைவு. அதன் தலைநகரான திபிலிசியில் என் தங்கையின் மகள் மருத்துவம் படிக்கிறாள். கடந்த ஆண்டு ஐப்பசியில் அவளைப் பார்க்கப் போய் மூன்று கிழமை தங்கியிருந்தேன். அங்கு நான் கண்டவற்றுள் மனதில் நின்றது ஒரு வைன்.

வைன் என்றதும் வாசகிகள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அதில் நியாயம் உண்டு. போருக்குப் பின் எங்கள் ஊர்களில் குடி எத்தனை குடும்பங்களைத் தின்றது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஜோர்ஜியாவிலும் குடியால் கெட்ட வீடுகள் உண்டு. ஆனால் அந்த மக்களுக்கு வைன் முதலில் ஒரு பயிர்ச்செய்கை, ஒரு கைவேலை. அது இராச்சாப்பாட்டு மேசையில் பாணோடு வைக்கப்படும் பொருள்.

மகள் அறை எடுத்திருந்த வீட்டுக்காரிக்கு எழுபது வயதிருக்கும். எல்லோரும் அவரை 'பெபியா' என்றே கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் அது அம்மம்மா. ஒருநாள் இரவு எங்களைச் சாப்பிட அழைத்தார். மண்சட்டியில் அவித்த சிவப்பு போஞ்சி விதை, வால்நட் விழுது பூசிய கத்தரிக்காய்ப் பொரியல், மண் அடுப்பில் சுட்ட பாண் என்பவற்றோடு, மிளகாயும் உள்ளியும் உப்பும் சேர்த்து அரைத்த 'அஜிக்கா'வும் இருந்தது. எங்கள் சம்பலை நினைவூட்டும் உறைப்பு. நடுவே ஒரு கண்ணாடிக் குடுவையில் வைன்.

நிறம் நாவற்பழச் சாறுதான். வாயில் வைத்தால் இனிப்பில்லை. கட்டிச் சாயத் தேநீர்போல நாக்கில் துவர்ப்பு, பின் ஒரு புளிப்பு, விழுங்கிய பிறகும் போகாத பழவாசனை. தண்ணீர்போல ஓடாமல் வாயை நிறைக்கும் கனம். அந்த உறைப்புக்கும் எண்ணெய்ப் பதார்த்தத்துக்கும் ஈடுகொடுத்தது. இரண்டு மிடறே குடித்தேன், அது போதுமாயிருந்தது.

"என்ன விலையிருக்கும்?" என்று மகளிடம் கேட்டேன்.

"பெரியம்மா, இது கடையிலை வாங்கினதில்லை. பெபியா தானே செய்தவ" என்றாள்.

பழத்தின் பெயர் சபெராவி. 'சாயம்' என்பதே அதன் பொருள். பெரும்பாலான கறுப்பு முந்திரிகைக்குத் தோலில் மட்டுமே நிறம் உண்டு, சபெராவிக்கு உள்ளே சதையும் சிவப்பு. கடையில் ஒரு போத்தல் சபெராவி 15 லாரிக்கு வாங்கலாம், அதாவது ஏறத்தாழ ஐந்தரை அமெரிக்க டொலர். பெபியாவுக்கு அதில் மூன்றிலொரு பங்குகூடச் செலவில்லை. அறுவடைக் காலத்தில் சந்தைக்கு வரும் பழத்தை வாங்கி, நசித்து, தோலோடும் விதையோடும் புளிக்க விடுவார். மேலே மிதக்கும் தோலை ஒரு நாளைக்குப் பலமுறை மரக்கோலால் அமுக்குவார். நுரை அடங்கியதும் வடித்து அடைத்துவிடுவார். பத்துக் கிலோ பழத்தில் ஆறு ஏழு லீற்றர் வருமாம்.

ஊர்ப்புறங்களில் இதையே மண் தாழியில் செய்கிறார்கள். அதற்குப் பெயர் குவெவ்ரி. முட்டை வடிவம்; உட்புறம் தேன்மெழுகு பூசியது. கழுத்துவரை நிலத்தில் புதைத்துவிடுவார்கள், மண்ணின் குளிர்ச்சி வைனைக் காக்கும். கிழக்கே ககேத்தி மாகாணத்தில் ஒரு வீட்டு நிலவறையில் அவற்றின் வாய்களை மட்டும் வரிசையாகக் கண்டேன். திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த மண்பாண்ட ஓடுகளில் ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முந்திய வைனின் தடயம் இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். குவெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இத்தனை பழைய தொழிலுக்கும் பெரிய அடி விழுந்தது. ஜோர்ஜிய வைனின் பெரும்பகுதியை வாங்கிவந்த ரஷ்யா, 2006இல் அதன் இறக்குமதியைத் தடைசெய்தது. 2008இல் இரு நாடுகளுக்கும் இடையே போரும் மூண்டது. தடை நீங்கியது 2013இல்தான். ஏற்றுமதியை நம்பியிருந்த ஆலைகள் திண்டாடின. வீட்டுத் தாழிகள் மட்டும் ஆண்டுதோறும் நிறைந்துகொண்டுதான் இருந்தன.

ஆனால் பெபியாவிடம் தாழி இல்லை. அவர் அப்காசியாவின் சுகுமி நகருக்கு அருகில் பிறந்தவர். 1992, 1993இல் நடந்த போரில் அங்கிருந்து இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அவரும் பிள்ளைகளோடு பனிமலைப் பாதையால் நடந்து வந்தவர். திபிலிசியில் ஐவேரியா என்ற பெரிய ஹொட்டேல் 2004 வரை அகதிகளின் குடியிருப்பாக இருந்தது. அங்கே ஒரே அறையில் சமையலும் படுக்கையுமாகப் பதினொரு வருடம் வாழ்ந்திருக்கிறார்.

"எங்கள் வளவில் மரத்தில் படரவிட்ட கொடி. அதன் கீழே மாமியார் காலத்துத் தாழி. ஓடும்போது அதைத் தோண்டி எடுக்க முடியுமா?" என்றார். மகள் மொழிபெயர்த்தாள். "ஆனால் தோலை எப்போது அமுக்குவது, எப்போது வடிப்பது என்பது கையில் வந்துவிட்டது. ஹொட்டேல் பல்கனியிலேயே பிளாஸ்ரிக் வாளியில் தொடங்கினேன்."

பிறகு, இறந்தவர்களுக்காக என்று சொல்லி, ஒரு பாண் துண்டில் சில துளி வைனை ஊற்றினார். அது அவர்கள் வழக்கம். அந்த நேரத்தில் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வலிகாமத்துச் செம்மண்ணிலும் முந்திரிகை காய்க்கிறது. தோலகட்டி ஆசிரமத்து வைனையும் நெல்லி ரசத்தையும் யாழ்ப்பாணத்தில் அறியாதவர் குறைவு. ஆயினும் எங்கள் நாட்டில் அனுமதிப்பத்திரம் இன்றி மதுபானம் தயாரிப்பது குற்றம் என்பதை மறவாதீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. பழரசம், ஊறுகாய், ஒடியல், பனாட்டு, கருவாடு என்று எங்கள் கைகளுக்கும் தெரிந்தவை பல. உப்பு எவ்வளவு, வெயில் எத்தனை நாள் என்ற கணக்கு அம்மாமாரின் நினைவிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்தமுறை செய்யும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள்.