சிவப்பு ஓடுகிறது

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)



ஆங்கிலத்தில் மிக எளிய வினைச்சொல் எது என்று யாராவது கேட்டால், சென்ற ஆண்டு வரை நான் தயங்காமல் 'ரன்' என்று சொல்லியிருப்பேன். மூன்றே எழுத்து. எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஆசிரியர் கரும்பலகையில் 'ரன் – ஓடு' என்று எழுதிப் போட, வகுப்பே ஒரே குரலில் கூவிப் படித்தது. கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். கணக்குத் தீர்ந்தது என்றே நம்பியிருந்தேன். அந்தக் கணக்கு அவ்வளவு எளிதில் தீராது என்று நான் தெரிந்துகொள்ள, இருநூறு துண்டுகள் வீணாக வேண்டியிருந்தது.

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பா கைத்தறி நெசவாளர். வீட்டில் நான்கு தறிகள். நூலுக்குச் சாயம் போடுவதும் புழக்கடைத் தொட்டியில் அவரேதான். ஐந்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. அம்மாவுக்குப் பள்ளி வாசலே தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் கால் என்னுடையது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, இங்கே ஆங்கிலத்தில் வேதியியல் படிக்கிறேன் என்பதில் எனக்கிருந்த அச்சத்தைவிட அப்பாவுக்கு இருந்த பெருமை பெரிது.

முதலாண்டில் ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா நெய்து கொடுத்த மூன்று மாதிரித் துண்டுகளை வியாபாரி ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார். அவை திரும்பி வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. வியாபாரி வெளியூர் போயிருந்தார். கடைக் கணக்குப்பிள்ளை படித்துச் சொல்கிறேன் என்றாராம். "வேண்டாங்க, எம் பையன் காலேஜிலே படிக்கிறான்" என்று சொல்லி அப்பா துண்டுகளை வாங்கி வந்துவிட்டார்.

"கண்ணு, என்ன எழுதியிருக்குதுன்னு பாரு."

நீலத் துண்டில் 'குட்' என்று இருந்தது. பச்சையிலும் அதே. சிவப்பில் ஒரே ஒரு சொல்: 'ரன்ஸ்'.

"நீலமும் பச்சையும் நல்லா இருக்குதாம். சிவப்பு ஓடுதாம் அப்பா" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அப்பாவின் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. எங்கள் தொழிலில் ஒரு சரக்கு 'ஓடுது' என்றால், அது நன்றாக விற்கிறது என்று பொருள். கூரைக்கு ஓடு மாற்ற எடுத்து வைத்திருந்த பணத்தில் நூல் வாங்கினார். ஆர்டர் வரும்போது கையில் சரக்கு இருக்கவேண்டும் என்று நான்கு தறியிலும் சிவப்பே ஏற்றினார். இருநூறு துண்டுகள் நெய்து கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஊர் திரும்பியிருந்த வியாபாரி ஒன்றும் பேசவில்லை. வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து ஒரு துண்டின்மேல் தேய்த்துக் காட்டினார். கைக்குட்டை சிவந்துவிட்டது.

ஆம் நண்பர்களே! துணியைப் பற்றிச் சொல்லும்போது 'ரன்' என்றால் சாயம் போகிறது என்று பொருள்.

அப்பா வீட்டுக்கு வந்து, "நான்தான் சரியாக் கேட்டுக்கலை" என்று அம்மாவிடம் சொன்னார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டுகள் சந்தையில் பாதி விலைக்குப் போயின. அந்த ஆண்டு ஐப்பசி மழைக்குக் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. அம்மா பாத்திரம் வைத்துப் பிடித்தாள்.

கல்லூரி திறந்ததும் நூல்நிலையத்தில் ஆங்கில அகராதியைப் பிரித்து 'ரன்' என்ற சொல்லைத் தேடினேன். ஒரு வரியில் முடியும் என்று நினைத்த சொல் பத்தி பத்தியாக நீண்டது. ஆறு ஓடினாலும் 'ரன்'. மூக்கு ஒழுகினாலும் 'ரன்'. கடை நடத்துவதும், இயந்திரத்தை இயக்குவதும், தேர்தலில் நிற்பதும் 'ரன்'. காய்ச்சல் அடித்தாலும் அந்தச் சொல்லே வருகிறது. பின்னால் 'அவுட்' சேர்ந்தால் அரிசி தீர்ந்துபோகிறது. 'இன்டு' சேர்ந்தால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திக்கிறோம்.

எங்கள் ஆங்கிலப் பேராசிரியரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் கதையைச் சொன்னார். 1928-இல் அதன் முதற்பதிப்பு நிறைவடைந்தபோதும், 1989-இல் இரண்டாம் பதிப்பு இருபது தொகுதிகளாக வெளிவந்தபோதும், அதில் மிக நீண்ட இடத்தைப் பிடித்த சொல் 'செட்' என்ற இன்னொரு மூன்றெழுத்து வினைச்சொல். பின்னர் மூன்றாம் பதிப்புக்காக 'ரன்' திருத்தி எழுதப்பட்டது. அதற்கு மட்டும் பதிப்பாசிரியர் ஒருவருக்கு ஒன்பது மாதம் பிடித்ததாம். வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் கணக்கிடப்பட்ட செய்தி 2011-இல் வெளிவந்தது. அறிஞர் ஒருவர் ஒன்பது மாதம் உட்கார்ந்து பார்த்த சொல்லுக்கு நான் ஒரு நொடியில் பொருள் சொல்லியிருக்கிறேன்!

ஒருபொருட் சொற்களையும் தேடினேன். சாயம் போவதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ப்ளீட்' என்றும் ஒரு சொல் உண்டு. இரத்தம் சிந்துதல் என்பது அதன் நேர்ப்பொருள். அந்தச் சீட்டில் அப்படி எழுதியிருந்தால், துணிக்கு ஏது இரத்தம் என்று திடுக்கிட்டு நான் யாரையாவது கேட்டிருப்பேன். கடினமான சொல் நம்மை அகராதிக்கு அனுப்பிவைக்கிறது. எளிய சொல்தான், எல்லாம் தெரிந்தவன்போல நம்மை வாய் திறக்க வைத்து ஏமாற்றுகிறது.

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் 'ஓடு' என்ன குறைந்ததா? பேருந்து ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. தேர்வு அறையில் எனக்கு ஒன்றுமே ஓடுவதில்லை. கூரைமேல் அசையாமல் கிடப்பதும் ஓடு. ஆமையின் முதுகில் இருப்பதும் ஓடு. மண்டல புருடர் தம் சூடாமணி நிகண்டில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்லவே பதினோராம் தொகுதியை ஒதுக்கினார். ஆனால் ஒன்றில் தமிழ் தெளிவாக நிற்கிறது. கப்பல் ஓடியது என்கிறோம். 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கிய வ.உ.சி. கப்பல் ஓட்டினார் என்கிறோம். தானே ஓடுவதற்கும் பிறர் ஓட்டுவதற்கும் ஆங்கிலத்துக்கு ஒரே 'ரன்' போதும். வாக்கியத்தைப் பார்த்துத்தான் அங்கே பொருளைப் பிரித்தறிய வேண்டும்.

அதைச் செய்முறை வகுப்பில் மீண்டும் கண்டேன். பருமனறி பகுப்பாய்வுக் கையேட்டில், பியூரெட்டிலிருந்து அமிலத்தை 'ரன்' செய்க என்றிருந்தது. இம்முறை நான் அவசரப்படவில்லை. திருகை மெல்லத் திறந்து அமிலத்தை இறங்க விடவேண்டும், அவ்வளவே.

சிவப்பு ஏன் ஓடியது என்பதையும் வேதியியல்தான் சொல்லிக் கொடுத்தது. அப்பா பயன்படுத்தும் சாயம் உப்பும் சோடாவும் சேர்ந்த நீரில் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பில் சேர்கிறது. ஆனால் அதில் ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து, இழையில் பிணையாமல் வெறுமனே ஒட்டிக் கிடக்கிறது. கொதிக்கும் சோப்பு நீரில் அலசி அதை வெளியேற்றாவிட்டால், பின்னால் நனையும்போது அது கசியும். விறகை மிச்சம்பிடிக்க அப்பா ஒரே அலசலோடு நிறுத்தியிருந்தார். நான் சொன்னபிறகு மூன்றுமுறை அலசுகிறார். கடைசி நீர் தெளிவாக வரும்வரை நிறுத்துவதில்லை.

இந்த ஆண்டு மாதிரித் துண்டு மறுபடியும் போய்த் திரும்பி வந்தது. கணக்குப்பிள்ளை இம்முறையும் படித்துச் சொல்கிறேன் என்றாராம். அப்பா இம்முறையும் மறுத்துவிட்டு என்னிடமே கொண்டுவந்தார். சிவப்புத் துண்டில் மீண்டும் ஒரே சொல்: 'ஃபாஸ்ட்'.

பள்ளி நோட்டில் அதற்கு 'வேகம்' என்று எழுதியிருக்கிறேன். உண்ணாநோன்பு என்றும் பொருள் உண்டு என்பது தெரியும். ஓடுகிற சாயம் இப்போது வேகமாக வேறு ஓடுகிறதோ என்று வயிற்றைக் கலக்கியது. அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க அப்பா" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த அகராதியை எடுத்தேன். வேகம், நோன்பு இவற்றையெல்லாம் தாண்டிக் கீழே வந்தது விரல். சாயத்துக்கு: கெட்டியாகப் பிடித்து நிற்பது, போகாதது.

"சாயம் நிக்குதாம் அப்பா" என்றேன்.

அவர் உடனே தறிப்பக்கம் போய்விடவில்லை. "எங்கே, அந்தப் புஸ்தகத்திலே அது எந்த இடத்திலே இருக்குது, காட்டு கண்ணு" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். ஆங்கிலம் அறியாத அப்பா குனிந்து, அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.