கப்பலின் பெயர் கொண்ட குன்றுகள்

கடலை ஒருநாளும் கண்டிராத ஒரு பாலைவனக் குன்றுக் கூட்டத்திற்கு யுத்தக் கப்பல் ஒன்றின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்று நண்பர் சொன்னபோது, அவருக்கு வழக்கமான வேடிக்கைப் பேச்சுகளில் அதுவும் ஒன்று என்றே எண்ணிக்கொண்டு, கலிபோர்னியாவின் கிழக்கோரத்திலுள்ள லோன் பைன் என்னும் சிற்றூரிலிருந்து, சித்திரை மாதத்துக் காலைப்பொழுது ஒன்றில் அவர் பின்னால் புறப்பட்டேன்.

மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர் பனியும் பல்லுமாக நிமிர்ந்து நிற்கிறது. அதில் விட்னி சிகரம் 14,505 அடி. அதன் காலடியில், கொழுக்கட்டைக்கு மாவை உருட்டி வைத்துவிட்டு யாரோ மறந்துபோனதுபோல, உருண்டையும் திரளையுமாகச் செம்பழுப்புப் பாறைகள் மைல்கணக்கில் கிடக்கின்றன. இவையே அலபாமா குன்றுகள். சிகரமும் இந்த உருண்டைகளும் ஒரே வகைக் கருங்கல், ஏறக்குறைய ஒரே வயது, எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று நண்பர் சொன்னதை நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது. மேலே உள்ளதைப் பனி பிளந்து கூராக்கியது. கீழே உள்ளதை மண்ணுக்குள் புதைந்திருந்த காலத்திலேயே ஈரம் மூலைமூலையாக அரித்து உருட்டிவிட்டது. ஒரு பாறையைப் பற்றி ஏற முயன்றேன். தூரத்துப் பார்வைக்கு வழவழப்பாக இருந்த கல், கிட்டத்தில் பெரும்பெரும் படிகங்கள் துருத்திக்கொண்டு நிற்க, உள்ளங்கையைத் தேங்காய்த் துருவிபோலச் சுரண்டிவிட்டது.

கப்பல் கதை வாஸ்தவந்தான். அமெரிக்க உள்நாட்டு யுத்த காலத்தில் பொன்னும் வெள்ளியும் தேடி இங்கே அலைந்தவர்களில் தென்மாநிலங்களின் பக்கம் அபிமானம் கொண்டவர்கள், வடக்கத்தியாரின் வணிகக் கப்பல்களைச் சூறையாடி வந்த ‘அலபாமா’வின் பிரதாபங்களைக் கேட்டுப் பூரித்து, தங்கள் கண்முன் இருந்த குன்றுகளுக்கு அந்தப் பெயரை இட்டார்கள். 1864 ஜூன் மாதத்தில் பிரான்ஸ் தேசத்து ஷெர்பூர்க் துறைமுகத்திற்கு வெளியே ‘கியர்சார்ஜ்’ என்ற வடக்கத்தியக் கப்பல் அதை மூழ்கடித்தது. செய்தி எட்டியதும் வடக்குக் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சற்று வடக்கே தாங்கள் தோண்டிய சுரங்கத்திற்குக் கியர்சார்ஜ் என்று பெயரிட்டார்கள். பிறகு ஒரு சிகரமும் ஒரு கணவாயும் அதே பெயரைப் பெற்றன. மண்வெட்டி பிடித்த கைகளுக்கு வம்பு வளர்க்கவும் நேரம் இருந்திருக்கிறது.

இந்தப் பிரதேசத்தில் பெரும்பகுதி மத்திய சர்க்காருக்கு உரிய பொது நிலம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் புறம்போக்கு. ஆனால் புறம்போக்கைப் பற்றி நமக்குள்ள எண்ணத்தோடு அங்கே போகக்கூடாது. 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் பிரகாரம், பொது நிலத்தில் உலோகப் படிவைக் கண்டெடுத்த எந்தப் பிரஜையும், படிவின் நீளவாக்கில் 1,500 அடியும் அகலத்தில் 600 அடியும் அளந்து முளையடித்து உரிமை கோரலாம். அந்தச் சட்டம் இன்றும் செத்துப்போகவில்லை. உரிமைச் சீட்டைப் புகையிலை டப்பா ஒன்றில் போட்டுக் கற்குவியலுக்குள் வைத்துவிட்டுப் போவது அக்காலத்து வழக்கம்.

இதைக் கேட்டதன் விளைவு விபரீதமாயிற்று. சிறிது தூரத்தில் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த ஒரு குவியலைக் கண்டு, டப்பா கிடைத்துவிட்டது என்ற ஆவலோடு நண்பரையும் இழுத்துக்கொண்டு அங்கே சென்றேன். டப்பா இல்லை. நடப்பவர்களுக்கு வழி காட்ட யாரோ வைத்த அடையாளம் என்றார் நண்பர். அப்படியானால் அது காட்டும் திசையிலேயே போவோம் என்று நான் முன்னே நடக்க, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற பாறைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் சுற்றி, குப்பியில் இருந்த தண்ணீரையும் தீர்த்துவிட்டு, மறுபடியும் அதே குவியலின் முன் வந்து நின்றோம்.

இளைப்பாற ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்தபோது கிழக்கே இன்யோ மலைகள் தெரிந்தன. அவற்றின் உச்சியில் உள்ள செர்ரோ கோர்டோவில்தான் 1865-இல் வெள்ளியும் ஈயமும் அகப்பட்டன. உருக்கிய கட்டிகளைச் சுமந்துசெல்ல வண்டிகள் போதாமல் அவை குவிந்துகிடந்தபோது, தொழிலாளிகள் அவற்றையே சுவராக அடுக்கி, மேலே துணியை விரித்துக் குடியிருந்தார்கள் என்பது அந்தப் பக்கத்தில் வழங்கும் செய்தி. வெள்ளிச் சுவருக்குள் படுத்தவன் அன்றாடக் கூலிக்காரன்! கட்டிகளை நீராவிப் படகு ஏற்றிச்சென்ற ஓவன்ஸ் ஏரியோ, அதற்கு வரும் ஆற்று நீரை 1913 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கால்வாய் வழியே கொண்டுபோனதால், உப்புப் பூத்த வெள்ளைத் தரையாகிவிட்டது. சுரங்கச் சட்டம் பிறந்த அதே 1872-இல், அதற்குச் சில வாரங்கள் முன்னே, மார்ச் 26-ஆம் தேதி விடியுமுன் பூமி அதிர்ந்து லோன் பைன் ஊரின் மண்சுவர் வீடுகள் பெரும்பாலும் இடிந்தன. 27 பேர் மாண்டார்கள். அப்போது நிலம் பிளந்து உயர்ந்த மேடு குன்றுகளின் ஓரத்தில் இன்றும் தெரிகிறது.

சுரங்கக்காரர்கள் போன பிறகு வந்தவர்கள் சினிமாக்காரர்கள். 1939-இல் வெளியான ‘கங்கா தின்’ படத்தில் நம் வடமேற்கு எல்லைப்புறமாகக் காட்டப்பட்டவை இந்தப் பாறைகளே. நம்மவர்களை இழிவாகக் காட்டியதென்று இந்தியாவில் அப்படத்திற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. அது நியாயமான எதிர்ப்பு என்பதே என் அபிப்பிராயம். பாறைகளை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். அலபாமா என்றால் அலபாமா, ஆப்கன் எல்லை என்றால் ஆப்கன் எல்லை என்று, வந்தவன் இட்ட பெயருக்கெல்லாம் அவை பேசாமல் இருந்திருக்கின்றன.

எங்கோ ஒரு மோட்டார் வண்டியின் ஓசை கேட்டு, அதைப் பின்பற்றியே சாலைக்கு வந்துசேர்ந்தோம். அந்தக் கற்குவியலைக் கலைத்துவிட்டு வந்திருக்கலாம்; அலுப்பில் விட்டுவிட்டு வந்தேன். எனக்குப் பின்னால் அங்கே போகிறவர்கள் அதை நம்பாமல், தண்ணீரையும் ஒரு குப்பி கூடுதலாகவே எடுத்துக்கொண்டு செல்வார்களாக.