நில்லுனேன்

லீவுக்கு ஜமுனாமரத்தூர் போயிருந்தேன். அக்கா மகளுக்கு மூணு வயசு. "இங்கயே நில்லு, மாமா செருப்பு மாட்டிட்டு வந்துடறேன்" என்று வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால் பெருமையாகச் சொல்கிறாள்: "மாமா, நான் நில்லுனேன்!"

வீடே சிரித்தது. நானும்தான். ராத்திரி படுத்தபிறகுதான் யோசித்தேன், இதை எங்கே பிடித்தாள்? எங்கள் வீட்டில் எல்லாரும் 'நின்னேன்' என்றுதான் சொல்வோம். கேட்காத வார்த்தையை எப்படிச் சொன்னாள்?

ஓடு, ஓடுனேன். தூங்கு, தூங்குனேன். அப்போ நில்லு, நில்லுனேன். கணக்கு டாலி ஆகிறதே!

நிற்க. (இதுவும் 'நில்'தான் :))

இறந்தகாலம் காட்ட த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலைகளைச் சொல்கிறது நன்னூல். எந்த வினைக்கு எது என்று பேசும்போது நாம் யாரும் யோசிப்பதில்லை. 1958-ல் ஜீன் பெர்கோ என்பவர் அமெரிக்கக் குழந்தைகளிடம் தானே உருவாக்கிய வார்த்தைகளைக் கொடுத்துப் பார்த்தார். கேட்டே இராத வினைக்கும் குழந்தைகள் இறந்தகால விகுதி சேர்த்தார்கள். வெறும் மனப்பாடம் இல்லை என்று தெரிந்தது.

பிறகு சண்டை. விதியே தேவையில்லை, ஒலி ஒற்றுமை போதும் என்று 1986-ல் ரூமெல்ஹார்ட்டும் மெக்லெலண்டும் கணினியில் ஒரு வலையமைப்பைப் பழக்கிக் காட்டினார்கள். ஸ்டீவன் பிங்கரோ, ஒழுங்கான வினைக்கு விதி, மற்றதற்கு ஞாபகம் என்றார்.

இத்தாலியனில் வினைகள் மூன்று வகை. ஆனால் புதுசாக வரும் வினையெல்லாம் '-ஆரே' வகைக்கே போகிறது. 'கிளிக்' அங்கே 'கிளிக்காரே'. நம்மிடம் பாருங்கள்: 'கூகுளித்தேன்' என்று 'வாசித்தேன்' வழியிலும் போகிறோம், 'கூகுள் பண்ணினேன்' என்றும் சொல்கிறோம். அக்கா மகள் பிடித்ததோ 'ஓடுனேன்' வழி. ஒரே விதி, மிச்சம் ஞாபகம் என்ற பெட்டிக்குள் தமிழ் அடங்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பி.காம் முதல் வருஷம் வகுப்பில் எழுந்து, 'பாட் கூட்ஸ்' என்று சொல்லவேண்டியதை 'பைடு கூட்ஸ்' என்றேன். மலையிலிருந்து வந்தவன் என்று சிரித்தார்கள். அந்த செமஸ்டர் முழுக்க வாயே திறக்கவில்லை. இப்போது புரிகிறது: ஒன்றும் தெரியாதவனுக்கு அந்தத் தப்பு வராது. விதி தெரிந்தவனுக்குத்தான் வரும்.

போன வாரம் போனில் பேசினாள். "மாமா, நான் பஸ்ஸுக்கு நின்னேன்" என்றாள். யாரும் திருத்தவில்லையாம், தானாகவே வந்துவிட்டது.

எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.